ஆல்டர்னேட்டரை மாற்றுமுன் பெல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்

நீங்கள் சொன்னதைச் சுருக்கிக்கொள்கிறேன். வண்டிக்கு வயது பதினைந்து. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் பக்கம் கீச்சென்று ஒரு சத்தம். சற்று நேரத்தில் அது அடங்கி, பிறகு ஓடும் நேரமெல்லாம் கரகரவென்று ஒரு முனகல். புது பெல்ட் போட்டும் இரண்டே மாதத்தில் பழைய கதை. இரவில் சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் லேசாக மங்குகிறது. மெக்கானிக், பெல்ட்டால் சுற்றி மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரையே மாற்றிவிடலாம் என்கிறார். புல்லியும் பேரிங்கும் மட்டும் மாற்றினால் போதாதா, அதை நானே செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள்.

பெரும்பாலும் போதும். நீங்களே செய்யவும் முடியும். ஆனால் உங்களிடம் இருப்பது ஒரு புகார் அல்ல, மூன்று. காலைக் கீச்சல் வேறு, ஓடும்போது வரும் கரகரப்பு வேறு, விளக்கு மங்குவது வேறு. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்த்தால் ஆல்டர்னேட்டரை மாற்று என்றுதான் தோன்றும். மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அப்புறம் சாமான் வாங்கலாம்.

கீச்சலில் தொடங்குகிறேன். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றப் பேட்டரி ஒரே மூச்சில் நிறைய கரண்ட்டைக் கொட்டிவிடுகிறது. இன்ஜின் பற்றிக்கொண்டதும் ஆல்டர்னேட்டர் அந்தக் கடனை அடைக்க ஆரம்பிக்கிறது. அதிலிருந்து எவ்வளவுக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கிறோமோ, அவ்வளவுக்கு அதைச் சுற்றுவதும் கனமாகிவிடும். அதனால் ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடம்தான் பெல்ட்டுக்கு அன்றைய நாளிலேயே கடினமான நேரம். இறுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தாலும் புல்லி மேல் வழுக்கிக் கத்தும். கடன் அடைய அடைய சுமை குறையும், சத்தமும் அடங்கும். புது பெல்ட்டும் இப்படி வழுக்குகிறது என்றால் குற்றம் பெல்ட்டில் இல்லை. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம்.

கரகரப்பு வழுக்கல் அல்ல, பேரிங். பெல்ட் சுற்றிவரும் பாதையில் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், சில வண்டிகளில் வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங் பம்ப், டென்ஷனர் புல்லி, பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் இருக்கும் ஐட்லர் புல்லி என்று ஐந்தாறு பேரிங்குகள் உண்டு. எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தோடு இறுகியிருப்பதால் ஒன்றின் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போலக் கேட்கும். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டுவிட்டு, இதுதான் என்று அடித்துச் சொல்லி, ஒரு முழு ஆல்டர்னேட்டரை மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது. குற்றவாளி அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்த ஐட்லர். அன்றிலிருந்து பெல்ட்டைக் கழற்றாமல் எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை.

கழற்றுமுன் செலவில்லாத ஒரு சோதனை. இன்ஜின் ஐடிலிங்கில் கத்திக்கொண்டிருக்கும்போது, கையையும் சட்டையையும் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். சத்தம் சில விநாடிகள் நின்று மறுபடி வந்தால் ஏதோ ஒரு புல்லி மற்றவற்றோடு நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. எந்த மாற்றமும் இல்லாவிட்டால் பேரிங். பெல்ட்டுக்கென்று விற்கும் பிசுபிசுப்பு ஸ்ப்ரேயை மட்டும் அடிக்காதீர்கள். நாலு நாள் அமைதியாக இருக்கும். அப்புறம் அதில் தூசி ஒட்டி, பெல்ட்டும் கெட்டு, உண்மையான காரணமும் மறைந்துவிடும்.

இப்போது பெல்ட்டைக் கழற்றுங்கள். அது எந்தப் புல்லியை மேலாகச் சுற்றுகிறது, எதற்குக் கீழே போகிறது என்று முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நினைவிருக்கும் என்று நம்பியவர்கள் மாலையில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பெல்ட் இல்லாமல் இன்ஜினை அரை நிமிடம் மட்டும் ஓட விடுங்கள். வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் ஓடும் வண்டிகளில் அதற்கு மேல் கூடாது. கரகரப்பு அப்போதும் இருந்தால் அது இன்ஜினுக்குள்ளே, இந்தப் பதில் உங்களுக்கு உதவாது. சத்தம் அடியோடு நின்றால் மேற்கொண்டு படியுங்கள்.

இன்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு புல்லியாக விரலால் சுண்டுங்கள். இங்கேதான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தால் நல்ல பேரிங் என்று நினைப்பார்கள். நேர் எதிர். உள்ளே கிரீஸ் இருக்கும் ஐட்லர் லேசான தயக்கத்தோடு ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றிச் சத்தமில்லாமல் நிற்கும். கிரீஸ் வற்றியதுதான் சர்ரென்று உலர்ந்த ஓசையோடு வெகுநேரம் சுற்றும். அடுத்து, மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். விரல் நுனியில் மணல் அரைபடுவது போல உணர்ந்தால் அதன் காலம் முடிந்தது. புல்லியின் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. பேரிங் மூடியைச் சுற்றித் துருநிறத்தில் பொடி படிந்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

ஐட்லர் பேரிங் சின்னச் சாமான்தானே என்று நினைக்காதீர்கள். இன்ஜின் தண்டின் முனையில் இருந்து பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியில் பாதி விட்டம் உள்ள ஐட்லர் இன்ஜினைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். பல வண்டிகளின் ஐட்லரில் 6203 என்ற எண் போட்ட சாதாரண பேரிங்தான் இருக்கும். உள்விட்டம் 17 மிமீ, வெளிவிட்டம் 40, அகலம் 12. தகட்டுப் புல்லியாக இருந்தால் பழையதைத் தட்டி எடுத்துவிட்டு இதைப் போடலாம். பிளாஸ்டிக் புல்லியில் பேரிங்கைச் சுற்றியே வார்த்திருப்பார்கள், அதை முழுசாகத்தான் மாற்ற வேண்டும். தகட்டுப் புல்லியைக்கூட நான் முழுசாகத்தான் மாற்றுவேன். பதினைந்து வருஷம் பெல்ட் உரசிய பரப்பில் நடுவில் பள்ளமும் ஓரத்தில் மேடும் விழுந்திருக்கும். அதில் நல்ல பேரிங்கைப் போட்டாலும் பெல்ட் ஒரு பக்கமாகவே தேயும். ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் இந்தப் புல்லியின் போல்ட்டுக்கு இடது மரை. கழன்று வராத போல்ட்டை வெறியோடு திருகுமுன், எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டியதோ என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

டென்ஷனரில் பார்க்க வேண்டியது புல்லி மட்டுமல்ல, அதைத் தாங்கும் கையும் ஸ்பிரிங்கும்தான். ஸ்பேனர் போட்டு இழுத்து மெதுவாக விடுங்கள். சீராக, ஒரே பலத்தோடு திரும்பி வர வேண்டும். நடுவில் சிக்கினாலும், சோம்பலாக வந்தாலும், புல்லி லேசாகச் சாய்ந்து நின்றாலும் கை உட்காரும் புஷ் தேய்ந்துவிட்டது. பெல்ட் மாட்டி இன்ஜின் ஓடும்போது டென்ஷனர் கை கொஞ்சம் அசையும், அது இயல்பு. குளிரில் பல் தந்தியடிப்பது போலத் தடதடத்தால் இயல்பல்ல.

தடதடத்தால் குற்றத்தை டென்ஷனர் மேல் மட்டும் போட்டுவிடாதீர்கள். பல டீசல் வண்டிகளிலும் சில பெட்ரோல் வண்டிகளிலும் ஆல்டர்னேட்டர் புல்லிக்குள் ஒருவழி கிளட்ச் இருக்கும். சைக்கிளின் ஃப்ரீவீல் மாதிரி. இன்ஜின் ஒவ்வொரு எரிப்புக்கும் ஒரு உந்து, அடுத்து ஒரு தயக்கம் என்று விட்டுவிட்டுத்தான் சுற்றுகிறது. ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் கனமான ரோட்டர் அதே தாளத்துக்கு ஆட மறுக்கும். அந்த இழுபறியைப் பெல்ட் வாங்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கிளட்ச் இறுகிப்போனால் அத்தனை உதறலும் பெல்ட் வழியாக டென்ஷனருக்குப் போகும். புது டென்ஷனர் போட்டாலும் அது வெகுநாள் நிற்காது. முன்பு பெல்ட் இரண்டு மாதத்தில் மறுபடி கத்தியதற்குக்கூட இது காரணமாக இருந்திருக்கலாம். சோதிப்பது எளிது. பெல்ட் இல்லாதபோது ஆல்டர்னேட்டரின் உள்ளே இருக்கும் விசிறியை அசையாமல் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்புங்கள். ஒரு பக்கம் வழுவழுவென்று சுற்ற வேண்டும், மறுபக்கம் உடனே பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிடித்தாலும் கெட்டது, இரண்டு பக்கமும் சுற்றினாலும் கெட்டது. பிடிக்கும் பக்கத்தில் ஸ்பிரிங் போல மெத்தென்று கொடுத்தால் அது ஸ்பிரிங்கும் சேர்ந்த வகை, பயப்பட வேண்டாம். இந்தப் புல்லியைக் கழற்ற உட்பக்கம் பல்வரிசை உள்ள தனிக் கருவி வேண்டும். அது இல்லாமல் பைப் ரென்ச் போட்டுத் திருகினால் புல்லியும் போகும், தண்டின் மரையும் போகும். இரும்பாலான பழைய வகைப் புல்லி என்றால் நட்டை இம்பேக்ட் ரென்ச்சால் எடுக்கலாம். விசிறி இலைக்குள் ஸ்க்ரூ டிரைவரைச் செருகித் தடுத்துப் பிடிக்கும் வித்தை மட்டும் வேண்டாம். ஒரு இலை வளைந்தாலும் அந்த வேகத்தில் பேலன்ஸ் போய்விடும்.

கிராங்க் புல்லியையும் ஒரு பார்வை பாருங்கள். நடுவட்டுக்கும் வெளிவளையத்துக்கும் இடையே ரப்பர் இருக்கும் வகை என்றால், இரண்டின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு நாலு நாள் ஓட்டுங்கள். கோடு உடைந்து இரண்டு இடத்தில் இருந்தால் ரப்பர் விட்டுவிட்டது, வளையம் நழுவுகிறது. இதுவும் காலையில் கீச்சென்று கத்தும், எத்தனை பெல்ட் மாற்றினாலும் போகாது.

பெல்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய நியோபிரீன் பெல்ட்டில் வெடிப்பு தெரியும், பார்த்தே மாற்றலாம். இப்போது வரும் இபிடிஎம் ரப்பர் பெல்ட் வெடிக்காது, டயர் போலத் தேயும். வரிகளின் பள்ளம் அகன்று, பெல்ட் புல்லிக்குள் ஆழமாக உட்கார்ந்து வழுக்க ஆரம்பிக்கும். பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். பெல்ட்டின் முதுகில் 6பிகே1750 என்பது போல ஒரு எண் இருக்கும். ஆறு வரி, பிகே வகை, நீளம் 1750 மிமீ என்று அர்த்தம். நீளம் கொஞ்சம் கூடுதலான பெல்ட்டைப் போட்டால் டென்ஷனர் தன் எல்லையின் ஓரத்தில் நின்று வேலை செய்யும். புது பெல்ட் வழுக்க இதுவும் ஒரு காரணம். முன்பு போட்ட பெல்ட்டின் எண்ணைச் சரிபாருங்கள்.

சரி, மின்சாரப் பக்கம் வருவோம். ஒரு மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஏசி விசிறியும் போட்டு, 1500-2000 ஆர்பிஎம்மில் பிடித்தால் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வருவது நலம். ஐடிலிங்கில் சற்று இறங்கினால் பதற வேண்டாம். ரேஸ் செய்தும் 13-ஐத் தொடாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. அப்போதும் உடனே ஆல்டர்னேட்டரைப் பழிக்காதீர்கள். அதே சுமையோடு மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் முனையிலும் இன்னொன்றைப் பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் ஒயரோ இணைப்போ தின்றுகொண்டிருக்கிறது. ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2-க்கு மேல் போனால் எர்த் கெட்டிருக்கிறது. பதினைந்து வயது வண்டியில் பச்சை பூத்த எர்த் ஒயர் ஒன்றைச் சுரண்டித் துடைத்ததோடு ஹெட்லைட் பிரகாசமானது எனக்குத் தெரிந்து பலமுறை.

ஆல்டர்னேட்டரின் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டயோடுகளைக் கழற்றாமலே ஓரளவு சோதிக்கலாம். மீட்டரை ஏசி, அதாவது மாறுமின்னோட்ட வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் தொடுங்கள். இன்ஜின் ஓடும்போது 0.1-க்குள் இருந்தால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் டயோட் ஒன்று போயிருக்கிறது. சில மலிவு மீட்டர்கள் ஏசி நிலையில் டிசியையும் கலந்து 25, 28 என்று காட்டிப் பயமுறுத்தும். இன்ஜின் நிற்கும்போதே அப்படிக் காட்டினால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. மீட்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. காலையில், இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது, ஆல்டர்னேட்டர் மேல் கை வையுங்கள். அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் ராத்திரி முழுக்க ஒரு டயோட் வழியாகப் பேட்டரி கசிந்துகொண்டிருந்தது என்று பொருள்.

பேட்டரி ஒயரை இன்ஜின் ஓடும்போதே கழற்றி, வண்டி நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது என்று சொல்லும் பழைய சோதனையை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ காலத்துக்கு அது சரி. கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் அந்த ஒரு நொடியில் எழும் வோல்டேஜ் அலை, ஆல்டர்னேட்டரைவிட எத்தனையோ மடங்கு விலையுள்ளதைச் சுட்டுவிடும்.

இனி ஆல்டர்னேட்டரின் உள்ளே. தேயக்கூடியவை மூன்றுதான்: கார்பன் பிரஷ், அது உரசும் வளையமான ஸ்லிப் ரிங், பேரிங். பிரஷ் வழியாகப் போவது ரோட்டரைக் காந்தமாக்கும் மூன்று நாலு ஆம்பியர் மட்டுமே. டைனமோவில் முழுக் கரண்ட்டும் கார்பன் வழியாகவே போனது, அதனால் சீக்கிரம் கரைந்தது. இங்கே ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் உழைப்பது அதனால்தான். தேய்ந்தால் முதல் அறிகுறி, குண்டும் குழியுமான ரோட்டில் சார்ஜ் விளக்கு மினுக்குவது. பல வகைகளில் பின்பக்கம் இரண்டு மூன்று ஸ்க்ரூவை எடுத்தால் பிரஷ்ஷும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் ஒன்றாகக் கையோடு வந்துவிடும். கார்பன் 5 மிமீக்குக் குறைவாக நீட்டிக்கொண்டிருந்தால் மாற்றிவிடுங்கள். அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்து ஸ்லிப் ரிங்கையும் பாருங்கள். கறுப்பாக இருந்தால் நைஸான உப்புத்தாளால் துடைக்கலாம். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது கார்பன் அந்தப் பள்ளத்திலேயே சீக்கிரம் கரைந்துபோகும். ரிங்குகள் இரண்டுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் 2 முதல் 5 ஓம் வரை இருந்தால் ரோட்டர் சுருள் நலம். ரிங்கிலிருந்து தண்டுக்குத் தொடர்பே இருக்கக் கூடாது.

பேரிங் மாற்ற முழுசாகப் பிரிக்க வேண்டும். பிரிக்குமுன் இரண்டு பாதி உடலுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், திரும்பப் பூட்டும்போது இன்ஜினில் மாட்டும் துளைகள் நேராக வர. முன்பக்கப் பேரிங்தான் பெல்ட்டின் இழுப்பைத் தாங்குவது, அதனால் அதுதான் முதலில் போகும். பல ஆல்டர்னேட்டர்களில் அது 6303, அதாவது 17×47×14 மிமீ. எண் ஒன்றாக இருந்தால் போதாது. ஆல்டர்னேட்டர் புல்லி சிறியது. இன்ஜின் 3000-இல் ஓடும்போது ரோட்டர் 8000-ஐத் தொடும், அதுவும் இன்ஜின் சூட்டில். அதற்குக் கூடுதல் இடைவெளி உள்ள சி3 வகையும், சூடு தாங்கும் கிரீஸும் வேண்டும். அந்தக் குறியைப் பேரிங்கின் மேலேயே பாருங்கள். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் அழுத்துங்கள், மூடிக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும். மாற்றி அழுத்தினால் குண்டுகள் பாதையில் பள்ளம் போட்டுவிடும். புதுசு போட்டும் மறுநாளே முனகும் பேரிங்கில் பாதி இப்படிச் செத்தவை. பிரஷ் உள்ளேயே இருக்கும் வகை என்றால், மூடுமுன் கார்பன்களை உள்ளே தள்ளி, பின்பக்கத் துளை வழியாக ஒரு மெல்லிய கம்பியைச் செருகி நிறுத்திவிட்டு, பூட்டியதும் கம்பியை உருவுங்கள். மறந்தால் கார்பன் முறியும்.

டயோட் பிளேட்டில் ஸ்டேட்டர், அதாவது ரோட்டரைச் சுற்றி அசையாமல் நிற்கும் சுருளின் ஒயர்களைப் பற்றவைத்திருப்பார்கள். அந்தத் தடிமனுக்குச் சின்ன சால்டரிங் அயர்ன் சூடு பத்தாது, வெகுநேரம் வைத்தால் டயோடே வெந்துவிடும். அந்த வேலையை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுவதில் வெட்கம் இல்லை. ஸ்டேட்டர் சுருள் கறுத்து எரிந்த வாடை அடித்தால், அல்லது பேரிங் உட்காரும் குழியே அகன்றுபோயிருந்தால், அப்போது மெக்கானிக் சொன்னது சரி: முழுசாக மாற்றுங்கள்.

முக்கியமானதை நடுவில் விட்டுவிட்டேன். ஆல்டர்னேட்டரில் கை வைக்குமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். அந்தத் தடித்த ஒயர் சாவியைச் சார்ந்ததல்ல, எப்போதும் பேட்டரியோடு நேர்த்தொடர்பில் இருப்பது. என்னிடம் ஒரு 10 மிமீ ரிங் ஸ்பேனர் இருக்கிறது. அதன் கழுத்தில் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம். ஒரு தடவை நெகட்டிவைக் கழற்றச் சோம்பல்பட்டேன், ஸ்பேனரின் மறுமுனை இன்ஜின் உடலைத் தொட்டது, அவ்வளவுதான்.

உங்கள் வண்டிக்கு என் ஊகம் இது. டென்ஷனர் தளர்ந்திருக்கிறது, ஐட்லரோ டென்ஷனர் புல்லியோ கரகரக்கிறது, விளக்கு மங்குவதற்கு எர்த் அல்லது கார்பன். டென்ஷனர், ஐட்லர், பெல்ட் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். ஒரே வயசு, ஒரே ஓட்டம், ஒன்று போனால் அடுத்தது பின்னாலேயே வரும். ஆல்டர்னேட்டரைச் சோதனையில் தோற்றால் மட்டும் தொடுங்கள். பெல்ட் மாட்டியதும் ஒவ்வொரு புல்லியிலும் ஓர வரி வெளியே தொங்கவில்லையா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஐந்து விநாடி ஓடவிட்டு நிறுத்தி, மறுபடி பாருங்கள். பேட்டரி வற்றியிருந்தால் அதைத் தனியாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு மாட்டுங்கள். பட்டினி கிடந்த பேட்டரியை நிரப்பும் வேலையைப் புது கார்பனுக்கும் பேரிங்குக்கும் முதல் நாளே கொடுக்க வேண்டாம்.

பெல்ட்டைக் கழற்றிய பிறகு எந்தப் புல்லி கரகரக்கிறது, ஆல்டர்னேட்டர் புல்லி எந்தப் பக்கம் பிடிக்கிறது, 1500 ஆர்பிஎம்மில் விளக்கு போட்டு எத்தனை வோல்ட் என்று மூன்றையும் எழுதுங்கள். மிச்சத்தை அதை வைத்துச் சொல்கிறேன்.